மோர்ஸ் சாவியின் மறுமுனை

மோர்ஸ் குறிமுறையில் தொலைதூரத் தொடர்பு கொள்ளும்போது குரலோ முகமோ கடல் கடப்பதில்லை. வானொலி அலை வருவதும் நிற்பதும் மட்டுமே கேட்கும். அப்படியிருக்க, மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்கு எது சான்று?

1844-இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய செய்தி, இறைவனின் செயலை வியக்கும் விவிலியத்தின் எண்ணாகமத்து வரி. அந்த வியப்பு இறைவனை நோக்கியது. 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயும் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் பிரெட் ஷ்னெலும் அட்லாண்டிக்கின் குறுக்கே மோர்ஸில் உரையாடியபோது வியப்பு சக மனிதரை நோக்கித் திரும்பியது.

கையால் சாவி தட்டுபவரின் கைவாகு தனித்தது. ஒருவர் கோடு எனும் நீள்குறியைச் சற்றே இழுப்பார். இன்னொருவர் தன்னை அடையாளப்படுத்தும் அழைப்புக்குறியின் கடைசி எழுத்துக்கு முன் இமைப்பொழுது தயங்குவார். பழகிய காது, குறி முடியுமுன்பே ஆளைக் கண்டுகொள்ளும். இரைச்சலில் மூழ்கிய எழுத்துகளைக் கேட்பவரின் கவனம் மீட்டெடுக்கிறது. ஆகவே அந்தச் சந்திப்பு இருவரும் சேர்ந்து உண்டாக்குவது. இரு கணினிகள் தமக்குள் குறிகளைப் பரிமாறிக்கொண்டால் செய்தி பிசகாமல் வந்து சேரும். அதைச் சந்திப்பு என்பது கடினம்.

2003-இல் சர்வதேச விதிகள், அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு தேவையா என்பதை அந்தந்த நாடுகளிடமே விட்டன. இன்று சாவியைத் தொடுபவர்களில் பெரும்பாலோர் விரும்பியே தொடுகிறார்கள்.