போட்டதும் உண்டதும்

எங்கள் வீட்டு முன்கூடத்தில் மூன்றடி நீளமான மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. 2021இல், கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், மகளின் நச்சரிப்புத் தாங்காமல் வாங்கியது. பன்னிரண்டு கப்பி மீன்களும் நான்கு பிளாட்டி மீன்களும் முதலில் வந்தன. பின்னர் மகள் இரண்டு சிறு தவளைகளைக் கண்டு ஆசைப்பட்டாள். ஆபிரிக்கக் குள்ளத் தவளை என்றார் கடைக்காரர். "இதுக்கெண்டு தனியா ஒண்டும் வாங்கத் தேவையில்ல சேர், மீனுக்குப் போடுறதத்தான் இதுவும் தின்னும்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

காலையிலும் மாலையிலும் தூள் உணவு போட்டேன். வாரத்தில் இரண்டு நாள், ஐஸ் கட்டியாக உறைந்த இரத்தப் புழுவில் ஒரு கட்டியை உடைத்துப் போட்டேன். ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தபோது, ஒரு தவளை தொட்டியின் மூலையில் மல்லாந்து கிடந்தது. கையில் எடுத்தபோது இடுப்பெலும்பு இரண்டு முனையாகத் துருத்திக்கொண்டு நின்றது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"வாப்பா, தவள மெலிஞ்சி போகுது" என்று அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மகள் சொல்லியிருந்தாள். "ஒவ்வொரு நாளும் போடுறன்தானே மகள்" என்று பதில் சொன்னவன் நான். அந்தப் பதில் பொய்யன்று. ஒவ்வொரு நாளும் போட்டேன் என்பது உண்மை. உண்மையான அந்தப் பதிலை வைத்துக்கொண்டே ஓர் உயிரைப் பட்டினி போட்டுக் கொல்ல முடிந்தது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்தத் தவளையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொங்கோ ஆற்றுப் படுகை போன்ற மத்திய ஆபிரிக்கக் காடுகளின் ஆழமற்ற, ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் வாழ்வது அது. உடல் மூன்று அல்லது நான்கு சென்ரிமீற்றர்தான். வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருந்தாலும் சுவாசிப்பது நுரையீரலால். ஆகவே அடிக்கடி மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு திரும்பும். நாக்கு இல்லை. நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விழுங்கும். பார்வை மங்கல். இரையின் வாசனையையும் நீரின் அசைவையும் கொண்டு தேடும். உணவு அருகில் விழுந்தாலும் அதற்குத் தெரியவரச் சற்று நேரம் செல்லும். தெரிந்த பின்னும் முதற் பாய்ச்சல் பெரும்பாலும் குறி தவறும். பக்கத்துக் கல்லைக் கவ்விவிட்டு மறுபடி தேடும்.

இரத்தப் புழு என்பது நுளம்பைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குடம்பி. தவளைக்கு அது மிகவும் பிடித்தமான உணவு. ஆனால் உறைந்த கட்டியை நீரில் போட்டால் அது மேலே மிதந்து சுழன்று கரையும். புழுக்கள் ஒவ்வொன்றாகப் பிரியும்போதே கப்பிகள் பறித்துவிடும். தவளை மூக்கை உயர்த்தி, கைகளை விரித்துத் துழாவத் தொடங்குகையில் பந்தி முடிந்திருக்கும். கட்டி கரைய இரண்டு நிமிடம். தவளை விழிக்க மூன்று நிமிடம். அந்த ஒரு நிமிட இடைவெளியில்தான் அது செத்தது. பட்டினியைச் சில வாரம் தாங்கும் உடல் அதற்கு வாய்த்திருந்தது. அந்தப் பொறுமை எனக்குச் சாட்சியாகிவிட்டது. உயிரோடு இருக்கிறது, ஆகவே உண்கிறது என்று நினைத்தேன்.

இதில் குற்றவாளி யார்? மீன்களைப் பேராசைக்காரர் என்று மகள் திட்டினாள். மீன் பறித்துத் தின்றது அதன் இயல்பு. தவளை தாமதித்தது அதன் இயல்பு. இரண்டும் தத்தம் படைப்புக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. அவற்றின் இயற்கையான வாழிடத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஓரிடத்தில் கிடைக்காவிட்டால் சேற்றுக்குள், இலைகளுக்கு அடியில், வேறிடம் போகலாம். கண்ணாடித் தொட்டியில் வேறிடம் என்ற ஒன்று கிடையாது. அதை இல்லாமற் செய்தவன் நான். ஆகவே தொட்டிக்குள் குற்றவாளி இல்லாத அநீதிக்குத் தொட்டிக்கு வெளியே நிற்பவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடுதலாகப் போட்டால் தவளைக்கும் மிஞ்சுமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எஞ்சிய தவளையைக் காப்பாற்ற இரண்டு கட்டிகள் போட்டேன். மீன்கள் வயிறு வீங்கும்வரை தின்றன. கற்களுக்கு இடையே சிக்கிய மிச்சம் அழுகியது. அழுகலில் இருந்து அமோனியா பிறக்கும். அமோனியா எல்லாருக்கும் நஞ்சு. நான்காம் நாள் நீர் கலங்கி, இரண்டு கப்பிகள் செத்து மிதந்தன. பார்க்காமல் அள்ளிக் கொட்டும் தாராளம், பார்க்காமல் அளந்து போடும் கஞ்சத்தனத்தைவிட நல்லதாக இருக்கவில்லை.

சரியான வழி மிகவும் எளியது, நேரம் மட்டும் கேட்பது. உறைந்த கட்டியை ஒரு கோப்பையில் தொட்டி நீர் விட்டு உருக வைத்து, செந்நீரை வடித்துவிட வேண்டும். மீன்களுக்கு முதலில் தொட்டியின் ஒரு முனையில் அவற்றின் பங்கைக் கொடுக்க வேண்டும். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது, மறுமுனையில் கவிழ்த்து வைத்த சிறு மண்மூடியின் மீது, ஊசி கழற்றிய சிரிஞ்சியால் நாலைந்து புழுக்களைத் தவளையின் மூக்குக்கு முன்னால் இறக்க வேண்டும். அது கண்டுபிடித்து, தவறவிட்டு, மறுபடி கவ்வி, இரு கைகளாலும் வாய்க்குள் தள்ளி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். வளர்ந்த தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பத்து நிமிட வேலை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொடுத்துவந்தால் சில வாரங்களில் அதுவே மூடியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியின் சிற்றுயிர்களைத் தேடி உண்ண அவிழ்த்துவிடவும் இல்லை என்பதே அவள்மீதான குற்றம். அவளுக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. எனக்கு இரண்டாவது கதவும் இல்லை. இந்தத் தவளையை நான் எங்கள் ஊர்க் குளத்தில் விட முடியாது. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. வியாபாரத்துக்காக நாடு நாடாக அனுப்பப்படும் தவளைகள், பல தேசங்களில் தவளையினங்களையே அழித்த கைட்ரிட் என்னும் பங்கசைச் சுமந்து வரக்கூடும். விடுதலை என்ற பெயரில் நான் செய்வது இன்னொரு கொலையாகிவிடலாம். விட்டுவிட முடியாத உயிரை வைத்திருப்பவனின் கடமை, கட்டியவளின் கடமையைவிடப் பாரமானது.

1262இல் கெய்ரோவில் காலமான ஷாபிஈ சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம், மனிதன்மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். பயன் தராத அளவுக்கு முதுமையோ நோயோ அடைந்தாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தன்னினமாயினும் வேற்றினமாயினும், துன்பம் தரக்கூடியதோடு அதனைச் சேர்த்து அடைக்கக் கூடாது என்பது இன்னொன்று. முட்டுவதையும் காயப்படுத்துவதையும்தான் அவர் மனதிற் கொண்டிருந்தார். ஆனால் கொம்பில்லாமலும் துன்பம் தர முடியும் என்பதை எங்கள் வீட்டுத் தொட்டி காட்டியது. வேகமானவனோடு மெதுவானவனை ஒரே சஹனில் உட்காரவைத்துவிட்டு எழுந்து போவதும் அந்த வகையில் அடங்கும் என்பது எனது அபிப்பிராயம்.

தவளையையும் மனிதரையும் ஒப்பிடுகிறானே என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். இந்தத் தவளை எனக்குள் கிளறியது ஒரு பழைய கணக்கை. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் நான் நேர்மையற்றவனாவேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையை வாரிக்கொண்டு போனபோது, நான் ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்து அதிக காலமாகாத இளைஞன். பாடசாலையே முகாமாயிற்று. எழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் பட்டியல் கொப்பியைத் தந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி; வித்தியாசம் இல்லை. லொறி வரும், பெயர் வாசிப்பேன், வந்து வாங்குவார்கள், நான் சரி அடையாளம் போடுவேன். கணவனைக் கடலில் பறிகொடுத்த பெண்ணொருவர், இரண்டு சிறு பெண்பிள்ளைகளுடன் வகுப்பறை மூலையில், சேலைத் திரைக்குப் பின்னால் இத்தா இருந்தார். அவருடைய பெயரை வாசித்தபோது "நான் குடுக்கிறன் சேர்" என்று யாரோ ஒருவர் கை நீட்டினார். கொடுத்தேன், அடையாளம் போட்டேன். மூன்று நாட்கள் இப்படி நடந்தது. நாலாம் நாள், மூத்த பிள்ளை என்னிடம் வந்து "எங்கட பேர் அதுல இல்லயா சேர்?" என்று கேட்டது. கொப்பியை விரித்துக் காட்டினேன். பெயர் இருந்தது. அதற்கு நேரே மூன்று அடையாளங்களும் இருந்தன.

என் பட்டியல் சமமாக இருந்தது. அதில் ஒரு பிழையும் யாரும் காண முடியாது. 1979இல் அமர்த்தியா சென் சமத்துவம் எதில் வேண்டும் என்று கேட்டு ஆற்றிய உரையின் சாரமும் இதுதான்: பண்டத்தைச் சமமாகப் பகிர்ந்துவிட்டால் போதாது, அந்தப் பண்டத்தைக் கொண்டு ஒவ்வொருவராலும் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். எழுந்து நடந்து வர முடியாதவருக்கு, வாசலில் வைத்த சோறு சோறாகாது. வகுப்பறையில் பொதுவாகக் கேள்வி கேட்டு, முன்வரிசையில் உயரும் அதே நான்கு கைகளிடம் விடை வாங்கிக்கொண்டு, பாடம் முடிந்தது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிய நாட்களையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். அவையும் அடையாளங்கள்தான்.

2022இல் இந்தச் சிந்தனைக்குச் சோதனை வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஃபிரிட்ஜில் இருந்த புழுப் பக்கற் உருகிவிட்டது. ஒருமுறை உருகி இளகியதை மீண்டும் உறையவைத்துக் கொடுப்பது நல்லதல்ல, எறிந்துவிட்டேன். காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் மனிதர் நின்ற நாட்கள் அவை. தவளைக்குத் தீனி தேடுவது எனக்கே வெட்கமாக இருந்தது. உம்மாவிடம் சொன்னேன். "மனிசருக்கே இல்லாத நேரம்தான். ஆனா அடச்சி வெச்சது நீதானே மன" என்றார். வாழையடியில் கிண்டி மண்புழு எடுத்து, கழுவி, பொடியாக நறுக்கிக் கொடுத்தோம். "புழுவும் உயிர்தானே வாப்பா" என்று மகள் கேட்டாள். அதற்கு என்னிடம் முழுமையான விடை இன்றுமில்லை. எடுத்த உயிர் வீணாகாமல் உண்ணப்பட வேண்டும், கல்லிடுக்கில் அழுகக் கூடாது என்பதை மட்டும் சொல்ல முடிந்தது.

"இவ்வளவு பாடுபடுவதை விடத் தவளைக்கு வேறு தொட்டி வைத்தால் என்ன?" என்று நண்பரான ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க முடியாதவர் கட்டாயம் பிரித்து வைக்கத்தான் வேண்டும். அதுவும் முடியாதவர் வாங்கவே கூடாது. ஆனால் பிரித்து வைத்ததோடு கடமை முடிந்ததென்று நினைத்தால் அங்கேயும் அதே தவறுதான் நடக்கும். தனித் தொட்டியில் விழுந்த புழுவையும் அது கண்டுபிடித்ததா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தவளை கடந்த ஆண்டு, முதுமையில், கொழுத்த வயிற்றோடு இறந்தது. மகள் அதைப் பூவரசடியில் புதைத்தாள். வேறு தவளை வாங்க வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். மீன்கள் இருக்கின்றன. அவற்றிலும் ஒன்று, வால் சிதைந்த கிழட்டுக் கப்பி, இப்போது பின்தங்கத் தொடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் பாடசாலை விட்டு வந்ததும் "போட்டாச்சா?" என்று கேட்பேன். இப்போது நான் உடுப்பு மாற்றுமுன் மகளே முந்திக்கொண்டு, அந்தக் கப்பியைக் காட்டி, "திண்டிச்சி வாப்பா, நான் பார்த்த" என்கிறாள்.