நோவும் பிராரப்தமும்

திருச்சி மலைக்கோட்டையின் 400க்கு மேற்பட்ட படிகளை ஒருகாலத்தில் அநாயாசமாக ஏறிய மூதாட்டி, முழங்கால் வாதத்தால் ஆண்டுக்கணக்கில் வாசல் தாண்டாமல், ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணையில் தைலம் மணக்க அமர்ந்து, உண்ணவும் பேசவும் நாட்டமின்றி மெலிவதைக் கண்டும், 'எல்லாம் பிராரப்தம்' என்று நாம் சொல்லிக் கடந்துவிடுவது எவ்வகையில் தர்மமாகும்? செரடோனின் முதலிய மூளை ரசாயனங்கள் வலியிலும் மனச்சோர்விலும் ஒருங்கே பங்கு கொள்வதாலும், வலி உறக்கத்தையும் உறக்கமின்மை மனத்தையும் கெடுப்பதாலும், இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டுமென்கிறது வைத்திய சாஸ்திரம். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரை வருத்திய ராஜபிளவை என்னும் கட்டியை அவர் சீடர் மாறனேரி நம்பி பிரசாதமாகக் கேட்டு வாங்கித் தாம் அனுபவித்தார் என்கிறது குருபரம்பரை. ஆசாரியரின் வேதனையை அவர் கர்மமென்று ஒதுக்காத அந்தச் சீடரின் நெஞ்சமே எனக்குப் பக்தியின் சிகரமாகத் தோன்றுகிறது. அரங்கன் கோயிலுக்குள்ளேயே வைத்தியக் கடவுளான தன்வந்திரிக்குச் சந்நிதி இருக்க, பாட்டியின் அழுகையை வயோதிகத்தின் இயல்பென்று வைத்தியரிடம் சொல்லாமல் மறைப்பானேன்?