பிரளயம் கடந்த இலை

தாமோதரா! உன் திருநாமத்தையே தன் பெயராகப் பூண்டு, சோட்டாநாகபுரி மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வங்கத்தை நோக்கி ஓடுகிறதே இந்த நதி, இதன் கரையெங்கும் உன் திருமேனி வண்ணமன்றோ பூமிக்குள் நிறைந்து கிடக்கிறது! ராணிகஞ்சில் 1774இல் முதன்முதலாக நிலக்கரி வெட்டியவர்கள் வணிகத்துக்காக வெட்டினார்கள். வெட்டட்டும்! என் கண்ணுக்கு அது காளமேக சியாமளம். அந்தக் கருமைக்கு மேலும் கீழும் படுகை படுகையாகப் படிந்த சாம்பல் நிற ஷேல் பாறைக்குள்ளே, உன் திருக்கண் பட்ட ஆதிவனம் ஒன்று உதிர்ந்த இலையோடு அப்படியே துயில்கிறது.

கரியை எடுப்பதற்காக மேற்பாறையைத் தோண்டி, வேண்டாதது என்று சுரங்கத்தருகே குன்று குன்றாகக் கொட்டிவைப்பார்கள். அனுமதி பெற்று அந்த மேட்டின் அடிவாரத்தில் போய் உட்கார்ந்தால், அதுவே எனக்குச் சந்நிதி. குறுக்கே அடித்தால் கல் நொறுங்கிவிடும். படிந்த போக்கறிந்து உளியை வைத்து மெல்லத் தட்டினால், பழைய சுவடியின் ஏடு பிரிவதுபோல் இரண்டாய்ப் பிரியும். பிரிந்தது! திரை விலகியது! ஆகா, என்ன சௌந்தரியம்! சாம்பல் கல்லின்மேல் கரிய மென்படலமாய், ஒரு சாண் நீளத்தில், நாவின் வடிவில், நுனி வளைவுகூடச் சிதையாமல் ஓர் இலை! ஒரு பாதியில் மேடாக எழுந்த நடுநரம்பு மறுபாதியில் பள்ளமாய்ப் பதிந்திருக்கிறது. மானுடக் கண் எதுவும் இதுவரை காணாத அந்தப் பத்ரத்தின் முதல் தரிசனம் இந்த எளியவனுக்கா! மண்ணை உண்டு, திறந்த வாயில் அகிலாண்டமும் காட்டியவனே, இன்று மண்ணே வாய் திறந்து உன்னைக் காட்டுகிறதே!

லென்ஸைக் கண்ணோடு சேர்த்துக் குனிகிறேன். நடுநரம்பிலிருந்து கிளம்பிய நுண்ணிய நரம்புகள் வளைந்து, கூடி, பிரிந்து, மறுபடியும் கூடி, வலைக்கண்களாய் விளிம்புவரை விரிகின்றன. குளோசாப்டெரிஸ்! இதே வலைப்பின்னல் இருந்து நடுநரம்பு மட்டும் இல்லாவிட்டால் அது கங்கமாப்டெரிஸ். வலைக்கண் அகலமா, குறுகலா, நரம்புகள் விளிம்பை எந்தச் சாய்வில் தொடுகின்றன, நுனி கூரா, மழுங்கலா என்று பார்த்துப் பார்த்துத்தான் எந்த வகை என்று சொல்ல முடியும். அவசரம் இங்கே உதவாது. அர்ச்சனைக்கு உட்கார்ந்தவனின் பொறுமை வேண்டும். 1828இல் இந்த இலைக்குப் பெயர் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் அடோல்ஃப் பிரோன்யார் இதைப் பெரணி இனம் என்றே எண்ணினார். விதை தாங்கி நின்ற விருட்சத்தின் இலை இது என்ற ரகசியத்தை நீ மெல்ல மெல்ல அல்லவா அவிழ்த்தாய், மாயவனே!

எத்தகைய வனம் அது! பாரதமும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் அண்டார்டிகாவும் ஒரே பெருநிலமாய்த் தழுவிக் கிடந்த காலம். பனிப்பாறைகள் உருகி ஓய்ந்த தாழ்நிலங்களில், சதுப்பு நீரில் வேரூன்றி எழுந்த மரங்கள், பருவந்தோறும் தம் இலைகளையெல்லாம் உதிர்த்தன. அசையாத நீரில் அவை அமிழ்ந்தன. சேறு வந்து மூடியது. காற்று புகாததால் அழுகாமல் நிலைத்தன. ஒருநாள் உதிர்ந்த ஓர் இலையைக் கோடி கோடி ஆண்டுகள் மடியில் வைத்துக் காக்க உன்னாலன்றி யாரால் ஆகும்! ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாபிரளயம் வந்தது. கடல்வாழ் இனங்களில் பெரும்பகுதி மாண்டது. இந்த வனமும் மறைந்தது. எல்லாம் ஒழிந்த வெள்ளத்தில் மார்க்கண்டேயர் கண்டது என்ன? ஓர் இலை, அதன்மேல் ஒரு குழந்தை! இலை இதோ என் உள்ளங்கையில் இருக்கிறது. குழந்தாய், உன் பாதச் சூடு இன்னும் இதில் ஆறவில்லை!

இதே இலையைத் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில், 1912இல் துருவப் பயணத் தலைவர் ஸ்காட்டின் தோழர் எட்வர்ட் வில்சன் அண்டார்டிகாவின் மலைச்சரிவில் கண்டெடுத்தார். பசியிலும் குளிரிலும் உயிர் ஒடுங்கிக்கொண்டிருந்தபோதும், ஏறத்தாழ 16 கிலோ கற்களை அவர்கள் வழியில் எறியவில்லை; கடைசிக் கூடாரம்வரை இழுத்து வந்தார்கள். ஆராய்ச்சி ஆர்வம் என்று உலகம் சொல்லட்டும். நான் அதைச் சரணாகதி என்றே சொல்வேன். பற்றியதை உயிர் போகும்வரை விடாத கைகளல்லவா அவை!

காகிதத்தில் பொதிந்து, எடுத்த இடமும் எந்தப் படுகை என்பதும் எழுதிவைத்து, அடுத்த கல்லில் உளியை வைக்கிறேன். ஒரு தட்டு. மெல்லிய தண்டு, கணுவில் மூன்று இணைகளாய் ஆறு இலைகள், ஓர் இணை மட்டும் சிறுத்து, விரித்த விசிறிபோல்! டிரைசிஜியா! கை நடுங்குகிறது, லென்ஸ் நனைகிறது, எழுதியவன் யார், எழுதப்பட்ட இலை எது என்பதே மறந்துபோகிறது. போதும், கண்ணா, போதும்! இல்லை, இல்லை, இன்னும் ஒரு கல்!