வானொலியும் வாய்மையும்

"நேதாஜி சாகவில்லை" என்று தாப்பா வட்டாரத் தோட்டங்களில் முதியோர் பலர் தம் கண் மூடுமட்டும் சொல்லி வந்ததை நாம் கேட்டிருக்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடப் பகுத்தறிவாளர்க்கு ஆசை எழும்; நமக்கும் எழுந்ததுண்டு. ஆயின், அந்நம்பிக்கையை விதைத்தவர் யாவர் என்று ஆராயப் புகுந்தால், பழி வேறிடம் போய்ச் சேருகிறது.

1942 மார்ச்சு மாதத்தில், டோக்கியோ மாநாட்டிற்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகள் சிலர் விமான விபத்தில் மாண்டனர். அவர்களோடு சுபாஷ் சந்திர போஸும் மாண்டார் என்று பிரிட்டிஷ் செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் பரப்பின. காந்தியடிகள் போஸின் தாயாருக்கு அனுதாபத் தந்தியே அனுப்பிவிட்டார். 'இறந்தவரோ' ஜெர்மனியிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலியில் தம் சொந்தக் குரலில் பேசினார்! பகைவன் செத்தான் என்ற செய்தியைத் துருவிப் பார்க்க எவனுக்குப் பொறுமை இருக்கும்? விருப்பமே சாட்சியாகிவிட்டது.

1943-ல் போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அமைத்தார். ஆங்கிலேயர் பிரசாரத்தில் அவர் ஜப்பானின் கைப்பாவை. சிங்கப்பூர் ஒலிபரப்பிலோ குறையொன்றுமில்லாத தலைவர். முன்னதன் ஓரவஞ்சனையை நம்மவர் உடனே கண்டுகொண்டனர். பின்னதனை? நம் தலைவரைப் புகழ்ந்த அந்த வானொலி ஜப்பானியர் பிடியில் இருந்தது. சயாம் மரண ரயில்பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் மாண்ட தமிழரைப் பற்றி அஃது உண்மை பேசியிருக்க இயலுமா? செவிக்கு இனித்ததனால் அதன் மௌனத்தை நாம் ஒருதலைப்பட்சம் என்று எண்ணுவதே இல்லை. நம் பக்கம் சாய்ந்த தராசு நம் கண்ணுக்கு நேராகவே தெரிகிறது.

அதே காலத்தில், ஈப்போவை அடுத்த பாப்பானில், சிபில் கார்த்திகேசு அம்மையார் ரேடியோவை ஒளித்துவைத்து இலண்டன் செய்தியைக் கேட்டுவந்தார். அயலார் ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமாயிருந்த நாட்கள் அவை. கெரில்லாப் போராளிகளுக்கு மருத்துவமும் செய்த அவர் 1943-ல் பிடிபட்டுச் சொல்லொணாச் சித்திரவதைக்கு உள்ளானார், 1948-ல் உயிர்நீத்தார். அவருக்கு இலண்டன் குரல் மெய்யின் குரல். போஸின் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞனுக்கு அதுவே பொய்யின் குரல். இருவரும் உயிரையே பணயம் வைத்தவர்கள். ஆகவே, கேட்டவர் தியாகத்தைக் கொண்டு சொன்னவர் நேர்மையை அளக்க முடியாது என்றே நமக்குப் படுகிறது.

1945 ஆகஸ்டு 18-ல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் போஸ் மாண்டார் என்று, சில நாள் கழித்து ஜப்பானியச் செய்தி நிறுவனம் அறிவித்தது. மறுபடியும் விமானம், மறுபடியும் டோக்கியோப் பயணம், மறுபடியும் அயலார் வாய்ச்சொல். மூன்றாண்டுக்கு முன் ஏமாந்த செவி இதை எங்ஙனம் ஏற்கும்? இம்முறை செய்தி உண்மையாகவே இருந்தும் பயனில்லாமற் போயிற்று. நம் இளமையில் தோட்டத்துப் பாட்டி ஒருவர், சுவரிலிருந்த நேதாஜி படத்துக்கு எவரையும் மாலையிட விடமாட்டார்.

"இருக்கிறவருக்கு எதுக்கய்யா மாலை?" என்பார்.