அழகா இருக்குங்கிறதுக்காக நம்பலாமா?



முருகு என்றால் அழகு. நமக்கு அந்த அழகே போதும். ஆனா அழகா இருக்கு என்பதற்காகவே ஒன்றை உண்மை என்று நம்பலாமா? இந்தச் சந்தேகம் ஒரு பெரிய விஞ்ஞானிக்கே வந்திருக்கிறது.

பிரபஞ்சம் தோன்றியதும், ஒரு நொடியைக் கோடி கோடியாக வெட்டினாலும் கிடைக்காத சின்ன நேரத்துக்குள், அது கோடி கோடி கோடி மடங்குக்கும் மேல் விரிந்தது என்கிறது இன்ஃப்ளேஷன் கொள்கை. 1981-ல் ஆலன் கூத் எழுதியது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆந்த்ரே லிண்டே வளர்த்தது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆதி வெப்பத்தின் மிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு, 2.7 கெல்வின். ஏன்? இன்று எட்டாத தூரத்தில் இருப்பதெல்லாம் விரிவதற்கு முன் ஒட்டி இருந்தவை. அழகான விடை!

2014 மார்ச் 17 அன்று, தென் துருவத்தின் பைசெப்2 தொலைநோக்கியில் அந்த விரிவின் தடயம் கிடைத்ததாக அறிவித்தார்கள். லிண்டே வீட்டு வாசலிலேயே சேதி சொன்ன வீடியோ உலகமெல்லாம் பரவியது. அந்தச் சந்தோஷத்திலும் அவர் யோசித்தது இதைத்தான்: அழகா இருப்பதால்தான் நம்புகிறேனோ? 2015-ல் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த சிக்னலுக்கு நம் பால்வெளியின் தூசியே போதுமான காரணம் என்று தெரிந்தது. கொள்கை பொய்யாகவில்லை, அந்த ஆதாரம் போனது.

நம்ம நாட்டு ஜெயந்த் நர்லிகர் பிக் பேங்கையே ஏற்கவில்லை. ஆனாலும் 1988-ல் அவர் புனேயில் தொடங்கிய ஐயுகாவில், அதை ஏற்று ஆராய்கிறவர்களுக்கும் இடம் இருந்தது.

இப்போ நமக்கு வருவோம். 'பிக் பேங் வேலிலிருந்து வந்தது, விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு' என்கிற மாதிரி ஃபார்வர்டுகள் வருகின்றன. பக்தியில்தான் அனுப்புறாங்க. ஆனா நாளைக்கு அந்த ஆதாரம் தூசின்னு ஆனா, அதைப் படிச்சு முருகனை நம்பின தம்பி எங்கே போய் நிற்பான்?

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். கோடு எவ்வளவு அழகா இருந்தாலும் டெஸ்ட்டில் ஃபெயில் ஆனா ரிலீஸ் கிடையாது. உலகம் இப்படித்தான் என்று யார் சொன்னாலும் அதே விதிதான். சேதராப்பட்டிலிருந்து மயிலம் மலைக்குப் போய் அவன் முன்னால் நிற்கும்போது நான் உலகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னை ஒப்படைக்கிறேன், அவ்வளவுதான். அங்கே அழகு போதும்.

அப்போ பக்திக்கு டெஸ்ட்டே இல்லையா? இருக்கு. மலை இறங்கினவன், தனக்கே உறுதியா தெரியாத ஒன்றை முருகன் பேரில் அனுப்பத் தயங்குகிறானா? அதுதான்.

வேலும் மயிலும் துணை!