எடைக்கல்லும் எழுதுகோலும்

எழுத்தறியாத ஒருவன் தன்னைப் பற்றி மற்றொருவன் எழுதி வைத்ததை எவ்வாறு நம்புகிறான்? நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பல தலைமுறைகளாக நாள்தோறும் எழுந்த வினா இது. ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ், கெமெஞ்சே வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய தமிழரின் வாழ்வைக் கிராணியின் செக்ரோலும், ஊரிலிருந்து வந்த கடிதமும், மாரியம்மன் கோயில் முன்றிலில் இரவில் படிக்கப்பட்ட பாரதமும் சூழ்ந்திருந்தன. அவர்களுள் பெரும்பாலோர்க்கு இவற்றைப் படித்துச் சொல்ல வேறொருவர் வேண்டியிருந்தது. கேட்பதும் நம்புவதுமே அவர்கள் பங்கு.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் சுமந்து வருவர். அங்கே பால் நிறுக்கப்படும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆகவே எடையோடு ரப்பர்ச் சத்தையும் அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. பாலில் தண்ணீர் கலந்தவன் அக்கருவியிடம் அகப்பட்டுக்கொள்வான். ஏட்டில் குறைத்தெழுதும் கையைக் காட்டிக்கொடுக்கும் கருவியை மட்டும் எவரும் செய்து வைக்கவில்லை. படிக்கத் தெரிந்த கண் ஒன்றே அதற்கு மாற்று.

அந்தக் கண் திறப்பதற்குச் சட்டமும் ஒருவகையில் உதவிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி என்றால் பல இடங்களில் லயத்தின் ஓர் அறைதான். ஆசிரியர் என்றால் சில இடங்களில் கிராணியேதான். கணக்கை எழுதியவரே அதைச் சரிபார்க்கும் வித்தையையும் கற்றுக்கொடுக்க நேர்ந்தது. வரலாறு சில வேளைகளில் இப்படியும் குறும்பு செய்யும்.

செக்ரோலினும் கடிதம் நுட்பமானது. ஊரில் தாய் இறந்துவிட்டாள் என்று மடல் வருகிறது. படித்துச் சொல்ல அமர்ந்தவர், எதிரே ஆவலோடு குந்தியிருக்கும் முகத்தைப் பார்க்கிறார். “உடம்பு சுகமில்லையாம்” என்று மட்டும் சொல்லி மடலை மடித்துவிடலாமா? குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என வள்ளுவர் இடங்கொடுத்திருக்கிறார். ஆயின் அந்நன்மையைத் தீர்மானிப்பவர் யார்? இங்கே, படிக்கத் தெரிந்தவர். கேட்பவனுக்கு அத்தீர்மானத்தில் பங்கில்லை. தன் துயரத்தைத் தானே அழுது தீர்க்கும் உரிமைகூட அவனிடமிருந்து பறிக்கப்படுகிறது. சில திங்கள் கழித்து வேறொருவர் வாயால் உண்மை வெளிப்படும்போது, அந்த ஒரு மடல் மட்டுமா பொய்யாகும்? அதற்குமுன் அவர் படித்துக் காட்டிய அத்தனை மடல்களும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும். இரக்கத்தினால் சொன்ன பொய் என்பது உண்மைதான். கடன் மட்டும் கேட்டவன் தலையில் விழுகிறது.

பாரதம் கேட்டவர்களின் நம்பிக்கையைப் பகுத்தறிவாளர் எள்ளியதுண்டு. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு சீர்திருத்தக் கருத்துகளைத் தோட்டம் வரை கொண்டுசென்றது. அந்த வினாக்கள் தேவையானவை. எனினும், கோயில் முன்றிலில் கதை கேட்டவரும், லயத்து வாசலில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கக் கேட்டவரும் அமர்ந்திருந்த முறை ஒன்றே. படிப்பவன் உள்ளதை உள்ளபடி படிக்கிறான் என்பதே இருவருடைய சமயமும்.

இந்நம்பிக்கையின் மீதுதான் தோட்டப்புற எழுத்தாளன் பிறந்தான். 1950ஆம் ஆண்டையொட்டிச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினர்; தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் இளையோரை எழுதத் தூண்டியது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் எழுதுகோல் பிடித்தனர். அந்த நொடியிலேயே அவர்கள் இரண்டாம் கிராணிகளும் ஆயினர். தாயின் பாட்டையும் தந்தையின் உழைப்பையும் பெயருக்கெதிரே குறிக்கும் ஏடு அவர்கள் கைக்கு வந்தது. அதைச் சரிபார்க்கும் கண் அத்தாய்க்கு இல்லை.

அக்கணக்கு நேர்மையாக எழுதப்பட்டதா? கள்ளுக்கடை, கொடிய மண்டோர், பாம்புக்கடி, சீரழிந்த மகள் ஆகிய அனைத்தையும் ஒரே குடும்பத்தின் தலையில் ஏற்றிய கதைகள் எத்தனை! அத்துன்பங்கள் எவையும் பொய்யல்ல. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றி, கண்ணீரையும் கலந்து எடையைக் கூட்டியதுதான் பிழை. கிராணியிடம் நேருக்கு நேர் வழக்காடிய பெண்ணும், கூலியில் மிச்சம் பிடித்து, 1960இல் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்த்தவரும் அக்கதைகளில் அரிதாகவே தலைகாட்டினர்.

கூட்டி எழுதியதற்கு மறுபுறம், எழுதாமலே விட்ட கணக்கும் உண்டு. 1942-43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா இடையே அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பலர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் நூல்வடிவில் வந்தபோது அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. கேட்டுத் தலையசைத்திருக்கக்கூடிய பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

இன்று பால்மரம் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனை. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. ‘தோட்டம்’ என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டே சில தமிழ்ப்பள்ளிகள் ஊர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்துள்ளன. அப்பள்ளியில் பயிலும் பேரன் ஒரு தோட்டப்புறக் கதையை வீட்டில் உரக்கப் படிக்கிறான் என்று கொள்வோம். முன்னாளில் மரம் வெட்டிய பாட்டி, கையைக் கன்னத்தில் ஊன்றி, பழைய பழக்கப்படியே முழுவதும் கேட்கிறாள். முடிந்ததும், “இதுல ஒரு நாளுகூட யாரும் சிரிக்கலையாய்யா?” என்கிறாள்.