சொல்லாமல் விட்டது பொய்யா?

மும்பையில் பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊருக்குப் போவது எப்போது? ரயிலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்களில் சிலர் காரில் கிளம்புகிறார்கள். அந்தக் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியிலும், பிறகு மாருதி 800-இலும் திருநெல்வேலி வரை போய் வந்தவர்கள் உண்டு. பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றுவிட்டன. பழைய வண்டியை வாங்கி ஊருக்கு ஓட்டிச் செல்லும் ஆசை மட்டும் விடைபெறவில்லை.

அது எளிய பயணமல்ல. மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். நிப்பாணிக்கு அருகே கர்நாடக எல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் தமிழக எல்லை. வழியில் கண்டாலா மலைப்பாதை, புனேவுக்கும் சாத்தாராவுக்கும் இடையே கம்பாட்கி, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய். ஏற்றத்தில் ரேடியேட்டரும் கிளட்சும் சோதிக்கப்படும். இறக்கத்தில் பிரேக் சோதிக்கப்படும். மும்பை நகருக்குள் ஆண்டுக்கணக்கில் ஓடியும் வெளிப்படாத குறை தொப்பூர் இறக்கத்தில் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம் அது.

இப்போது கற்பனையாக ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தாராவியில் தோல்பை தைக்கும் தொழிலாளி ஒருவர் தமது பழைய காரை விற்கிறார். பிரேக்கில் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும். பிரேக் எண்ணெய் பழையது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போனது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறிக் கொதிக்கும். மிதிகட்டை பிடிமானமின்றி உள்ளே இறங்கிவிடும். மெக்கானிக் அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். வாங்க வந்தவன் அதே வட்டாரத்து இளைஞன். "வண்டி எப்படி அண்ணாச்சி?" என்று கேட்கிறான். "நீயே ஓட்டிப் பாரு தம்பி" என்கிறார் இவர். அவனும் தொண்ணூறு அடி ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுக்கிறான்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையாக நடந்துகொண்டாரா?

சட்டம் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், பேசும் கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்கு அது தரும் உதாரணம் குதிரை வியாபாரம். உடல்நலமற்றது என்று தெரிந்தே ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான், எதுவும் சொல்லவில்லை. அது மோசடி அல்ல. அடுத்த உதாரணத்தில் வாங்குபவள் அவனுடைய மகள். அப்போதுதான் வயதுக்கு வந்தவள். அந்த உறவின் காரணமாக, குறையைச் சொல்வது அவன் கடமை ஆகிறது. மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் கூறுகிறான். விற்பவன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

சட்டநூல்களில் இவ்வளவு ஆழமான பக்கம் அரிது. குதிரை ஒன்றுதான், குறை ஒன்றுதான். மாறியதெல்லாம் எதிரே நிற்பவர் யார் என்பது மட்டுமே. அப்படியானால் மகள் என்ற வட்டம் எங்கே முடிகிறது? "அண்ணாச்சி" என்று அழைத்தவன் அந்த வட்டத்துக்குள் வருவானா? உறவுப் பெயரால் அழைத்துக் கேட்பதே, 'உங்களை நம்பி நிற்கிறேன்' என்பதற்கு ஒப்பானதல்லவா? என் கருத்தில், அண்ணாச்சியின் நிகழ்ச்சி முதல் உதாரணத்தைச் சேர்ந்ததல்ல. மூன்றாவதற்கு மிக நெருக்கமானது.

இதே விவாதம் கிரேக்கத் தத்துவ ஞானிகளிடையேயும் நடந்தது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் அதைப் பதிவு செய்துள்ளார். நோய் விளைவிக்கும் வீட்டை, குறையைச் சொல்லாமல் ஒருவன் விற்கலாமா? விற்பவன் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது டயோஜெனஸின் வாதம். (பீப்பாயில் வாழ்ந்த புகழ்பெற்ற டயோஜெனஸ் வேறு, இவர் பாபிலோனைச் சேர்ந்தவர்.) வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதை ஏதென்ஸ் மக்கள் சாபத்துக்குரியதாகக் கருதினார்களே, இது அதைவிடக் கொடியதல்லவா என்பது அவருடைய மாணவர் ஆண்டிபேட்டரின் பதில். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார். சொல்லாமல் விடுவதெல்லாம் மறைத்தல் ஆகாது. அறிந்துகொள்வது யாருக்கு நன்மையோ அவர் அறியாமலிருப்பதில் நாம் லாபம் தேடினால் அது மறைத்தல். அவருடைய முடிவின் சாரம் இது.

நம் மகாபாரதத்தில் தர்மபுத்திரர் சொன்னதும் எழுத்தளவில் பொய்யல்ல. அசுவத்தாமன் என்ற யானை உண்மையிலேயே இறந்திருந்தது. 'யானை' என்ற சொல் துரோணரின் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டதுதான் குற்றம். அதுவரை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் சென்ற அவருடைய தேர் அன்று மண்ணில் இறங்கியது. தேர் என்றதும் கடோபநிஷதத்தின் தேர் உவமை அன்பர்களுக்கு நினைவு வரலாம். ஆனால் அது ஓட்டுபவனைப் பற்றியது. நம் கேள்வி விற்றவனைப் பற்றியது.

இருவருக்குள் முடிவதில்லை

இந்த மௌனம் விற்றவரையும் வாங்கியவரையும் மட்டும் சார்ந்ததா? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் சில இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வண்டியின் குறை விற்பவனுக்கு மட்டுமே தெரியும். ஆகவே வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகித்துச் சராசரி விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது. அவன் சந்தையைவிட்டு விலகுவான். மிஞ்சுவது மோசமான வண்டிகள். ஒருவனுடைய மௌனத்துக்கு, முகம் தெரியாத நேர்மையாளனும் விலை கொடுக்கிறான்.

பணத்தை விடுவோம். காரின் பின் இருக்கையில் குழந்தைகள் இருக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னே மற்றொரு குடும்பத்தின் வண்டி போகிறது. இவர்கள் யாரும் பேரம் பேசவில்லை. 'பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்கினான்' என்ற வாதம் இவர்களிடம் செல்லாது. வாங்கியவனிடம்கூட அது பாதியளவே செல்லும். ஃபேன் பெல்ட் அறுந்துபோகலாம், டயர் பஞ்சராகலாம் என்று எதிர்பார்த்து மாற்று பெல்ட்டும் ஸ்டெப்னியும் தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொண்டுதான் அவன் கிளம்புகிறான். பழைய வண்டியின் பொதுவான அபாயத்துக்கு அவன் உடன்பட்டான். விற்றவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த ஒரு பிரேக் கோளாற்றுக்கு அவன் உடன்படவில்லை.

'ஏழை எப்படி எல்லாவற்றையும் சொல்லி விற்க முடியும்? அவருக்கும் மருத்துவச் செலவு இருக்கும், மகளின் படிப்பு இருக்கும்' என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. வறுமை ஒருவருடைய பழியைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாராவியில் வாங்குபவனும் ஏழையே. மேலும் குறையைச் சொல்லி, பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொடுத்தால் விற்பவருக்கு நஷ்டம் என்பதே தவறான கணக்கு. அந்தத் தொகை முதலிலிருந்தே அவருடையது அல்ல. சாந்தி பர்வத்தில், சடையில் பறவைகள் கூடுகட்டும்வரை அசையாமல் தவம் செய்த ஜாஜலி முனிவர், காசியில் கடை வைத்திருந்த துலாதாரனிடம் தர்மம் கற்கச் செல்கிறார். துலாதாரனின் பெருமை, தராசு எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் நின்றது என்பதுதான். துறவியை வியாபாரியிடம் பாடம் கேட்க அனுப்பியது நம் இதிகாசம். எங்களைப் போன்ற காவியுடையினர் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய பகுதி அது.

விற்றவரின் கடமை பணம் கைமாறியதும் தீர்ந்துவிடுகிறதா? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை, விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் கூறியது. அது காகிதத்தின் கணக்கு. அறிவின் கணக்கு வேறு. குறையை அறிந்தவர் ஒருவரே என்றால், அவர் சொல்லும்வரை பொறுப்பும் அவரிடமே தங்குகிறது. பெயர் மாற்றம் அதைத் தீர்க்காது. அவர் சொன்ன கணத்தில் அது ஓட்டுபவனிடம் சேர்கிறது. அதன் பிறகும் அவன் நிறுத்தாமல் ஓட்டினால் பிழை அவனுடையது.

நம் இளைஞன் அதிகாலையில் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான் என்று மதியம் அண்ணாச்சிக்குச் செய்தி வருகிறது. கையில் செல்போன் இருக்கிறது. வண்டி இந்நேரம் கோலாப்பூரை நெருங்கியிருக்கும். அங்கே ஒர்க்ஷாப்புகள் உண்டு. பிரேக் எண்ணெய் மாற்ற அதிக நேரம் ஆகாது. அங்கிருந்து தொப்பூருக்கு இன்னும் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.